மூன்றடி பின்னுக்கு வந்த பட்டாளம்

நான் வாய் திறந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்ற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். என் புருசன் அப்படி நின்றதில்லை. பிள்ளைகளும் நின்றதில்லை. அந்த ஒருவரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கோபிக்க மாட்டார். ஆனால், "மேலிடத்து அனுமதி வாங்கித்தான் எழுதினீங்களா?" என்று கேட்பார். அவருக்கு மேலிடம் நான்தான். அந்தச் சிக்கல் எதற்கு?

எல்லோரும் அவரைச் சார்ஜன் என்று கூப்பிட்டோம். மலேசியத் தமிழர். அங்கே ராணுவத்தில் சார்ஜென்டாக இருபத்தொரு வருசம் இருந்தவர். வயது போன பிறகு மகனோடு இருக்க ஓக்லாந்துக்கு வந்தார். மகன் வீடு பாபகூராவில். பக்கத்தில் ராணுவ முகாம் இருக்கிறது என்பதில் மனிதருக்கு அவ்வளவு சந்தோசம். ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் வாசலுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வருவாராம். உள்ளே விடச் சொல்லிக் கேட்டதில்லை. "அது நம்ம பட்டாளம் இல்லியே" என்பார்.

புதன்கிழமைகளில் ரயிலும் பஸ்ஸும் மாறி மவுண்ட் ரோஸ்கிலுக்கு வருவார். எங்கள் முதியோர் கூட்டம் அங்கே ஒரு மண்டபத்தில் நடக்கும். யாழ்ப்பாணத்து ஆட்கள் பாதி, தமிழ்நாட்டு ஆட்கள் பாதி, மலேசியாவுக்கு இவர் ஒருவர். முதலில் தேவாரம், பிறகு கையைக் காலை ஆட்டும் பயிற்சி, பிறகு தேத்தண்ணி, அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும்வரை அவரவர் முழங்காலைப் பற்றிய கதை.

அவர் வந்த முதல் நாள் நான் பயந்துபோனேன். காலில் கறுப்புச் சப்பாத்து, குனிந்தால் முகம் தெரிகிற மினுக்கம். அந்தச் சப்பாத்துச் சத்தம் மண்டபத்து மரத்தரையில் கேட்டதும் என் தலை தானாகக் குனிந்துவிட்டது. ஊரில் ஆமிக்காரரின் அந்தச் சத்தம் கேட்டால் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் போகச் சொல்லும்வரை நிற்க வேண்டும். அந்தப் பழக்கம் கழுத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. ஒரு மாதம் நான் அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை.

பயம் போனது ஒரு கேக்கினால்.

கூட்டத்தில் ஒருவருக்கு எண்பதாவது பிறந்தநாள். கேக் மேசையில் இருந்தது. எங்கள் தலைவர், "நான் வருமட்டும் ஒருத்தரும் கேக்கிலை கை வைக்கப்படாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காரை நகர்த்தி விட வெளியே போனார். போன இடத்தில், வந்து இறங்கிவிட்டேன் என்று மகள் போன் எடுத்திருக்கிறாள். மனிதர் விமான நிலையத்துக்கு ஓடிவிட்டார், எங்களை மறந்துபோனார்.

சார்ஜன் எழும்பிப் போய்க் கேக்குக்குப் பக்கத்தில் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு மணித்தியாலம் போனது. பிறந்தநாள்காரரே கத்தியோடு வந்தார்.

"மன்னிக்கணுங்க. ஆர்டர் வரல" என்றார் சார்ஜன்.

"இது என்ரை கேக் ஐசே!"

"கேக்கு உங்களுதுதான். ஆர்டர் தலைவருது லா." பேச்சின் முடிவில் வருகிற அந்த "லா" மலேசியப் பழக்கம்.

கிரீம் ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. கடைசியில் யாரோ தலைவருக்குப் போன் எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பிடித்தார்கள். விமான நிலையத்து இரைச்சலுக்குள்ளிருந்து, "ஐயோ, வெட்டுங்கோ! வெட்டித் துலையுங்கோ!" என்று தலைவரின் குரல் வந்தது. சார்ஜன் அந்தப் போனுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு விலகி நின்றார்.

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எனக்குத் தெரிந்த பட்டாளம் எங்கள் கோழிகளைப் பிடித்துக்கொண்டு போனது. இது பசியோடு கேக்குக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நின்று விரல்கூட வைக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு ஒரு துண்டு கேக் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை. தட்டை நீட்டினேன், அவ்வளவுதான்.

ராஜாக்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் நிறையக் கதைப்பார். அவருடைய நாட்டில் ஒன்பது ராஜ குடும்பமாம். ஐந்து வருசத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து முழு நாட்டுக்கும் ராஜாவாக வருவார்களாம்.

"நான் இருந்த காலத்துல நாலஞ்சு பேரு மாறிட்டாங்க. ஆளு மாறும், சல்யூட் மாறாது. நாற்காலிக்குத்தான் லா சல்யூட்."

"அதிலை இருக்கிறவன் விசரன், பைத்தியம் எண்டால்?" என்று எங்கள் ஆள் ஒருவர் கேட்டார்.

"அதுக்கு நாற்காலி என்னா பண்ணும்?"

பாபகூரா முகாமில் இருக்கிற பிள்ளைகள்மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமை. இந்த நாட்டுக்கும் இங்கிலாந்து ராஜாதான் ராஜா, அவர் இருப்பது அங்கே. "பாக்காத ராஜாவுக்கு விசுவாசமா இருக்கறது சுலபம். பக்கத்துல உக்காந்து மூக்கு சிந்துற ராஜாவுக்கு இருந்து பாரு, அப்ப தெரியும்."

பக்கத்தில் இருந்து மூக்குச் சிந்துகிற ராஜா நானாக வருவேன் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

எங்கள் கூட்டத்தில் பத்மா என்று ஒருவர், மதுரைக்காரர். மகன் கம்ப்யூட்டர் வேலை, கிளென்ஃபீல்டில் வீடு. அயலில் இருக்கிற எல்லா நாட்டு முதியோரும் சேர்ந்து வருசத்துக்கு ஒரு நாள் கலைவிழா வைப்பார்கள். அதற்குத் தமிழ் ஆட்கள் எப்போதும் கும்மிதான் அடிப்போம். அந்த வருசம் பத்மா நாடகம் எழுதினார். ஒரு தூங்குமூஞ்சி ராஜா. நாடு பட்டினி. கடைசியில் தளபதி படையோடு வந்து ராஜாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தானே திரும்பி வந்து, இனி மக்கள் ஆட்சி என்று முழங்க வேண்டும். தளபதி யார் என்பதில் கேள்வியே இல்லை. ராஜாவுக்கு ஒரு ஓய்வுபெற்ற இஞ்சினியர், ஆறடி உயரம்.

பழைய சாமான் கடையில் வாங்கிய சிவப்பு வெல்வெட் திரைச்சீலையில் பத்மா ராஜாவுக்கு அங்கி தைத்தார். தைத்த பிறகு அதிலிருந்த பூனை மணம் போகவில்லை என்று சுடுதண்ணீரில் தோய்த்து ட்ரையரில் போட்டார். வெளியே வந்தது பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டை. இஞ்சினியருக்கு முழங்கைவரை வந்தது, தோள் ஏறவில்லை. தலைவர் போட்டுப் பார்த்தார், பொத்தான் தெறித்தது. நான் ஒரு மூலையில் இருந்து பேப்பர்த் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். பத்மாவின் கண் என்மேல் விழுந்தது.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க."

"ஐயோ, எனக்கு ஏலாது. எனக்கு ஆக்களுக்கு முன்னாலை கதைக்க வராது."

"பேசவே வேணாங்க்கா. ராஜா நாடகம் பூரா தூங்குறாரு. கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க. கடைசில அவரு வந்து இழுப்பாரு, கூடப் போங்க. அவ்வளவுதான்."

"வாய் திறக்கத் தேவையில்லையோ?"

"தேவையே இல்ல."

மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அங்கி எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அட்டைக் கிரீடத்தையும் தலையில் வைத்தார்கள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. குதிக்கால் இரண்டையும் சேர்த்து அடித்து, கை நெற்றிக்குப் போனது.

"துவாங்கு!"

மலேசியாவில் ராஜாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"நானும் போன கிழமை ராஜாதானே? எனக்கு ஒருநாளும் அடிக்கேல்லையே" என்று இஞ்சினியர் குறைப்பட்டார்.

"அடிச்சேன் சார். நீங்க போன்ல இருந்தீங்க."

நாடகத்தின் முதல் காட்சியில் தளபதி ராஜாவுக்கு முன்னால் வாளைத் தொட்டுச் சத்தியம் செய்வார். மூச்சு உள்ளவரை மன்னருக்கு எதிராக விரலும் அசைக்க மாட்டேன் என்று. பத்மா வேண்டுமென்றே வைத்தது. "பின்னாடி அவரே கவுக்குறப்ப ஜனங்க ஆன்னு பாக்கணும்ல!" முதல் ஒத்திகையில் சார்ஜன் அதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. பத்மா, "என்னா நடிப்பு!" என்று கை தட்டினார். நான் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதே சந்தேகம்.

அன்றைக்கு மண்டபத்திலிருந்து பஸ் தரிப்புக்கு நடந்தபோது எனக்குப் பின்னால் சப்பாத்துச் சத்தம். நான் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. திரும்பிப் பார்த்தால் சரியாக மூன்றடி பின்னுக்குச் சார்ஜன். பஸ்ஸில் நான் சீட்டில் இருந்த பிறகுதான் அவர் இருந்தார். டெய்ரிக் கடையில் பால் வாங்கப் போனால் வாசலில் நின்றார். கடைக்காரப் பெடியன் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் எழும்பி நிற்கத் தொடங்கினான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது.

ஆறு கிழமை இப்படி. வாய் தவறி ஒன்றும் சொல்லக்கூடாது. ஒரு புதன்கிழமை அவர் பின்னுக்கு நிற்பதை மறந்து பத்மாவிடம், "பக்கத்து வீட்டுப் பூனை என்ரை கறிவேப்பிலைச் சாடியைக் கிண்டுது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஏழரைக்கு மருமகள் திரைச்சீலையைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"மாமி, உங்கடை ஆமி வந்து நிக்குது."

மழைக்கோட்டோடு சாடிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். பூனை வேலிமேல் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணை, என்ன இது?"

"காவல், துவாங்கு."

"உள்ளை வாங்கோ. குளிருது."

"டூட்டில உள்ள வரக்கூடாது."

"தேத்தண்ணியாவது?"

"உத்தரவுன்னா குடிக்கிறேன்."

நின்றபடி குடித்தார். மருமகள் வேலைக்குப் போக வெளிக்கிட்டு வந்து, "அங்கிள், நிண்டது காணும். வீட்டை போங்கோ, மகன் தேடப்போறார்" என்றாள்.

"நீங்க ராஜா இல்லியேம்மா" என்றுவிட்டு என்னைப் பார்த்தார். "கலைஞ்சு போன்னு துவாங்கு சொல்லணும்."

ஒரு பெரிய மனிதரை வாசலில் வைத்துப் போ என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "போயிட்டு வாங்கோ" என்றேன். சல்யூட் அடித்துவிட்டுப் போனார். மறுநாள் ஏழரைக்கு வந்து நின்றார். நான் வரச் சொன்னேனாம்.

நாலு நாள் அப்படி. ஐந்தாம் நாள் மருமகள் சொல்லித் தந்தபடி, கதவுக்குப் பின்னால் நின்று, "காவல் முடிஞ்சுது" என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதே அதிசயம். பூனை பிறகு சாடிப் பக்கம் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் றோட்டில் தப்பிப் பிழைத்த ஒரே கறிவேப்பிலை என்னுடையதுதான்.

கலைவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் வெடித்தது. அதுவரைக்கும் கடைசிக் காட்சி வந்தால், "அதைப் பெறகு பாத்துக்கலாம் மேடம்" என்று நழுவிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"ராஜாவப் பிடிக்க முடியாது மேடம். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எப்ப பண்ணீங்க?"

"மொத சீன்ல."

"ஐயா! அது நாடகம்!"

"மொத சீன்ல சத்தியம் வாங்கிட்டு நாலாவது சீன்ல பிடின்னா எப்பிடி லா?"

பத்மா நாற்காலியில் இருந்துவிட்டார். "நாலு மாசமா ராத்திரி பகலா எழுதுனேங்க. என் பையன் ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வராங்க. நடுவுல நாடகம் நின்னுபோச்சுன்னா நான் எப்படிங்க வெளிய தலையக் காட்டுவேன்?" கண் கலங்கிவிட்டது. வேறு ஆளைப் போடவும் வழியில்லை. எங்கள் ஆண்களில் ஊன்றுகோல் இல்லாமல் ஐந்து நிமிசம் நிற்கக்கூடியவர் இவர் மட்டும்தான்.

சார்ஜன் தண்ணி ஒரு கிளாஸ் கொண்டுவந்து பத்மாவிடம் நீட்டினார். பிறகு, "உத்தரவு வந்தா செய்வேன் மேடம்" என்றார்.

"அப்பாடா!" என்று பத்மா கண்ணைத் துடைத்தார். டைரக்டர் தான்தானே, உத்தரவை விழா அன்றைக்குக் குடுத்துவிட்டால் போச்சு என்று நினைத்துவிட்டார். யாருடைய உத்தரவு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வசனம் இல்லை என்ற நிம்மதியில் இருந்தேன்.

விழா அன்று மண்டபம் நிரம்பிவிட்டது. வெள்ளைக்காரர், சீனர், தொங்காத் தீவுக்காரர், எங்கள் ஆட்கள். முன் வரிசையில் பத்மாவின் மகனும் அவனுடைய ஆபீஸ் ஆட்களும். தொங்காக்காரர் பாட்டில் மண்டபம் அதிர்ந்தது. அதற்கு அடுத்தது நாங்கள். கதையை ஆங்கிலத்தில் வாசித்தார்கள். நான் சிம்மாசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அது மண்டபத்து நாற்காலிதான், மினுக்கப் பேப்பர் ஒட்டியது. சத்தியம் நடந்தது. பட்டினி நடந்தது. கடைசிக் காட்சிக்கு முரசு அடித்தது. தளபதி நாலு வீரரோடு வந்தார். நாலாவது வீரர் பிடித்து நடக்கிற வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

எனக்கு முன்னால் வந்து, குதிக்காலை அடித்து, நின்றார்கள்.

நின்றார்கள்.

முரசு முடிந்துபோனது. திரைக்குப் பின்னாலிருந்து, "பிடிங்க! பிடிங்கங்க!" என்று பத்மாவின் குரல்.

"உத்தரவு வரல" என்றார் சார்ஜன், உதடு அசையாமல்.

"நான்தாங்க சொல்றேன்!"

"நீங்க ராஜா இல்லியே மேடம்."

எனக்குக் கண் முழுதாகத் திறந்துவிட்டது. முன் வரிசையில் பத்மாவின் மகன் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு சின்னப்பிள்ளை ஆங்கிலத்தில் ஏன் நிற்கிறார்கள் என்று உரக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். நான் சார்ஜனின் முகத்தைப் பார்த்தேன். நேரே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. மட்டை வாளை இறக்கவே இல்லை. கேக்குக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நின்ற மனிதர். இங்கே நாளைக் காலைவரை நிற்பார். பத்மாவின் நாடகமும் நிற்கும்.

வாழ்நாள் முழுக்க அந்தச் சப்பாத்துக்கு முன்னால், போகச் சொல்லும்வரை நான் நின்றேன். இப்போது சப்பாத்து என் முன்னால் நிற்கிறது.

நான் எழும்பினேன். கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"தளபதியார்… என்னைப் பிடியுங்கோ."

"மன்னிக்கணும் துவாங்கு. கேக்கல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுபத்தொரு வயதில் முதல் தரம் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் கத்தினேன்.

"என்னைப் பிடியுங்கோ! பிடிச்சுக்கொண்டு போங்கோ! இது என்ரை ஓடர்!"

"டவுலாட் துவாங்கு!" என்று அவர் கத்தினார். மன்னர் வாழ்க என்று அர்த்தமாம். வாழ்க சொல்லிவிட்டுத்தான் என்னைக் கைது செய்தார். எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

கைது செய்தவர் முன்னுக்குப் போக வேண்டும், கைதி பின்னுக்குப் போக வேண்டும். அவரால் அது முடியவில்லை. நான் தடுக்கி விழாமல் அங்கியின் தொங்கலைப் பிடித்துக்கொண்டு மூன்றடி பின்னுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வோக்கர் வந்தது. பார்த்தவர்களுக்கு நான் ஒரு பட்டாளத்தைக் கைது செய்து கொண்டுபோகிற மாதிரி இருந்ததாம்.

அவர் திரும்பி மேடைக்குப் போய் மக்கள் ஆட்சி என்று முழங்கவும் இல்லை. கைதியைத் தனியே விடக்கூடாதாம். மேடையில் வெறும் சிம்மாசனம் மட்டும் இருந்தது. திரை மூடியது. ராஜா இல்லாத நாற்காலி, அதுதான் மக்கள் ஆட்சி என்று ஆபீஸ் ஆட்கள் வியந்து பாராட்டினார்கள். பத்மா ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, "ஆமா, அப்படித்தான் யோசிச்சு வெச்சேன்" என்றார்.

நான் மண்டபத்துக் குசினியில் கைதியாக இருந்தேன். வடை பொரிக்கிற மணம். வாசலில் சார்ஜன்.

"அண்ணை, எனக்குப் பசிக்குது. என்னை விடுங்கோ."

அவர் யோசித்தார். "கைதி ஆர்டர் போட முடியுமா லா?"

இரண்டு பேரும் அதை நன்றாக யோசித்தோம். கடைசியில் அவர் என் தலையைப் பார்த்தார். "கிரீடம் இன்னும் இருக்கு. அப்ப ராஜாதான்." விலகி நின்றார். நான் வடை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கும் இரண்டு கொடுத்தேன். இந்த முறை கதைத்தேன். "சாப்பிடுங்கோ, இது ஓடர்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை கடிதம் ஒன்றை நீட்டினார். தமிழில், கோடு போட்ட தாளில். ஊரில், ஈப்போவில், பேத்தி கல்யாணம், இரண்டு வாரம் விடுப்பு வேண்டும், இப்படிக்குத் தளபதி. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கடிதத்தில் கையெழுத்துப் போட்டு யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. நிதானமாக இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கீழே "சரி" என்று எழுதிப் பெயரும் போட்டேன்.

"நான் இல்லாதப்ப பூன வந்தா?"

"நான் பாத்துக்கொள்ளுறன்."

போனவர் போனதுதான். அங்கே முழங்கால் படுத்துவிட்டது, ஈப்போ மகள் இனி விமானம் ஏற விட மாட்டாளாம். மூன்று வருசம் ஆகிறது. "உங்கடை தளபதி ஓடிட்டார். ஆமிச் சட்டப்படி பிடிச்சு அடைக்கோணும்" என்று இஞ்சினியர் இப்போதும் என்னைச் சீண்டுவார்.

ஓடவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும். மகள் போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள். "துவாங்கு, லீவு நீட்டிக்கணும்" என்பார். நீட்டிக் கொடுப்பேன். அவருக்கு இப்போது காது மந்தம். அதனால் நான் கத்திச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பூனை வேலிமேல் எழும்பி நிற்கிற அளவுக்குக் கத்துவேன். மருமகள் குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

கலைந்து போ என்று மட்டும் இன்றுவரை நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு பட்டாளம் இருக்கிறது. லீவில் நிற்கிறது.